ஓடாத காரைத் திறந்தால்

ஓடாமல் நின்றுபோன ரிமோட் காரைக் கவிழ்த்தால் அடியில் நான்கைந்து ஸ்குரூ தெரியும். அவற்றைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினால் முதலில் வருவது ஏமாற்றம்தான். தீப்பெட்டி அளவுக்கு ஒரு பழுப்பு போர்டு. அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய டிரான்சிஸ்டர்கள், ஒரு சிப், செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில், கொஞ்சம் ரெசிஸ்டர்கள். பின்னால் ஒரு மோட்டார், முன்னால் திரும்புவதற்கு இன்னொன்று. இவற்றை இணைக்கும் ஏழெட்டு ஒயர்கள். அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுத்திய பட்டனுக்குக் கட்டுப்பட்டு ஓடிய கார் இவ்வளவு சொற்பத்தை வைத்துக்கொண்டா ஓடியது என்று தோன்றும்.

அந்தச் சொற்பம்தான் பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு. மலிவான பொம்மையைச் செய்பவர் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிறார். ஒரு ரெசிஸ்டரை எடுத்துவிட்டாலும் கார் ஓடுமென்றால், அது தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டிருக்கும். விலை உயர்ந்த கருவியில் அழகுக்கும் முன்னெச்சரிக்கைக்கும் என்று சில பாகங்கள் கூடுதலாக இருக்கலாம். இங்கே அதற்கு இடமில்லை. மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும், தான் இல்லாவிட்டால் கார் ஓடாது என்ற ஒரே தகுதியில் நிற்கிறது. ஆகவே எந்தப் பாகத்தைத் தொட்டும் ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்கலாம். பதில் கட்டாயம் உண்டு. அந்தப் பதில்களைக் கேட்டுக்கொண்டே போனால் பழுதும் அகப்படும்.

நாம் எடுத்துக்கொள்வது 1990களிலும் 2000களிலும் பரவலாக விற்ற வகை. ரிமோட்டில் நீட்டி மடக்கும் ஏரியல் இருக்கும். காரின் அடியிலோ ரிமோட்டின் முதுகிலோ ‘27 மெகாஹெர்ட்ஸ்’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

பாதியாகப் பிரிப்போம்

விரல் பட்டனை அழுத்துவதற்கும் சக்கரம் சுழல்வதற்கும் நடுவே நீண்ட தொடர் ஒன்று இருக்கிறது. பட்டன் ரிமோட்டிலுள்ள சிப்பை எழுப்புகிறது. சிப் ஒரு குறியீட்டை உண்டாக்குகிறது. அந்தக் குறியீட்டுக்கு ஏற்ப ரேடியோ அலை விட்டுவிட்டு எழுகிறது. ஏரியல் அதை வெளியே அனுப்ப, காரின் ஏரியல் அதைப் பிடிக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது. காரிலுள்ள சிப் குறியீட்டைப் படிக்கிறது. நான்கு டிரான்சிஸ்டர்கள் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகின்றன. மோட்டார் சுழல, பல்சக்கரங்கள் அதன் வேகத்தைக் குறைத்துத் திருகுவிசையைக் கூட்டிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கார் ஓடவில்லை.

ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனால் பொழுது போய்விடும். நடுவில் ஓரிடத்தைத் தேர்ந்து சோதிப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். அங்கிருந்து பின்பாதி வேலை செய்தால் பழுது முன்பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கலாம். பன்னிரண்டு கண்ணிகள் இருந்தாலும் நான்கு சோதனைக்குள் பழுதானதை வளைத்துவிடலாம்.

ரிமோட் காரில் அந்த நடு இடம் மோட்டாரின் இரண்டு முனைகள். ஒரு முனையின் ஒயரை விலக்கிவிட்டு, இரண்டு பென்சில் செல்களை வரிசையாகச் சேர்த்து மோட்டாரில் நேராகத் தொட்டுப் பாருங்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் பல்சக்கரமும் நன்றாக இருக்கின்றன; போர்டு, செல், ரிமோட் ஆகியவற்றின் பக்கம் போகலாம். மோட்டார் மட்டும் உறுமி, சக்கரம் அசையாமல் இருந்தால் மோட்டார் அச்சில் மாட்டியிருக்கும் சின்னப் பல்சக்கரத்தைப் பாருங்கள். அது அச்சைவிடச் சற்றே சிறிய துளையுடன் செய்யப்பட்டு, அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் அந்த இழுவிசையைத் தாங்கித் தாங்கி ஒரு நாள் நீளவாக்கில் வெடித்துவிடும். பிறகு அச்சு உள்ளே வெறுமனே சுற்றும்.

செல் இருந்த இடம்

இன்னொரு நிலைமையும் உண்டு. பட்டனை அழுத்தினால் கார் ஒரு குதி குதித்து நின்றுவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 6 வோல்ட் காட்டும். செல் புதிது. இருந்தும் ஓடவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் சிப் போய்விட்டது என்று முடிவுகட்டிக் காரை மூட்டை கட்டுகிறார்கள்.

செல் வைக்கும் குழியின் ஸ்பிரிங்கை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கோ பச்சைக் கறையோ இருக்கும். அல்கலைன் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெளியே வந்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக உறையும். அந்த வெள்ளைத் தூள் அதுதான். விலை குறைந்த துத்தநாக–கார்பன் செல்லில் கதை வேறு. அதன் துத்தநாக உறையே எதிர்முனை. மின்சாரம் தரத்தர அந்த உறை கரைந்துகொண்டே போகும். தீர்ந்துபோன செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் உறை ஓட்டையாகி, அமிலத்தன்மை உள்ள பசை வெளியேறி ஸ்பிரிங்கின் நிக்கல் பூச்சைத் தின்றுவிடும்.

இந்தக் கறை மின்சாரத்தை முழுதாகத் தடுப்பதில்லை. அதன் பாதையில் கொஞ்சம் தடையைச் சேர்க்கிறது. அதன் அளவு 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும் நேரத்தில் மோட்டார் 1 ஆம்பியர் கேட்டால், ஓம் விதிப்படி 3 வோல்ட் அந்தக் கறையிலேயே போய்விடும். ஆறில் பாதி போனால் மோட்டாருக்கும் வலு இருக்காது, சிப்புக்கும் நினைவு தப்பும். கார் குதித்து நிற்பதன் காரணம் இதுதான். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர் கணக்கில்கூட ஒன்றுக்குக் கீழே. அவ்வளவு சிறிய ஓட்டத்தில் 3 ஓம் எதையும் இழக்கவைக்காது. எனவே மீட்டர் முழு 6 வோல்ட்டைக் காட்டுகிறது. மோட்டாரை ஓடவிட்டபடியே அளந்தால்தான் உண்மை தெரியும். சுமை இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பக் கூடாது என்பது மின்சாதனம் பழுது பார்க்கிறவர்களின் பாலபாடம்.

அல்கலைன் கறை காரத்தன்மை உள்ளது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிடலாம். துத்தநாக–கார்பன் கறைக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் பொருந்தும். ஸ்பிரிங்கில் பற்றவைத்திருக்கும் ஒயரையும் கவனிக்க வேண்டும். கசிந்த காரம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஊர்ந்து போய்ச் செம்பைக் கறுப்பாக்கிவிடும். கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு வேறு ஒயர் போடுவதுதான் வழி.

மோட்டாரின் முதுகில் மூன்று வில்லைகள்

செல்லைத் தொட்டதும் மோட்டார் சில வேளை ஓடுகிறது, சில வேளை ஓட மறுக்கிறது, சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் மறுபடி ஓடுகிறது என்றால், அதற்கும் ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. இந்த மோட்டாரின் சுழலும் பாகத்தில் மூன்று காயில்கள் உண்டு. இரண்டோடு நிறுத்தியிருந்தால் செம்பு மிச்சம். ஆனால் இரண்டு காயில் மோட்டார், காந்தங்களுக்கு நேராக வந்து நின்றுவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத ஒரு நிலையில் மாட்டிக்கொள்ளும். மூன்று இருந்தால் எந்தக் கோணத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு காயில் இழுக்கும் நிலையில் இருக்கும். பைசா கணக்குப் பார்ப்பவரும் மூன்றுக்குக் கீழே இறங்காததன் காரணம் இது. மூன்றில் ஒன்று அறுந்துபோனால் அந்தப் பழைய முட்டுநிலை திரும்பி வருகிறது. தள்ளினால் ஓடுகிற மோட்டார் அதைத்தான் சொல்கிறது.

மோட்டாரின் முதுகில், உலோக உடலோடு ஒட்டியபடி, பயறு அளவில் இரண்டு அல்லது மூன்று தட்டையான வில்லைகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலே 104 என்று எழுதியிருக்கும். பீங்கான் கெப்பாசிட்டர்கள் அவை, 0.1 மைக்ரோஃபாரட். அவற்றை எடுத்துவிட்டு மோட்டாரைச் செல்லில் தொட்டால் மோட்டார் முன்போலவே நன்றாகச் சுழலும். அப்படியானால் அவை எதற்கு? ஒரு பழைய மோட்டாரை மாற்றும்போது வில்லைகளைப் புதியதற்கு மாற்றாமல் விட்டுப் பாருங்கள். கார் கிளம்பும், துள்ளும், நிற்கும், தானாகத் திரும்பும்; ரிமோட்டின் பேச்சைக் கேட்காது.

மோட்டாரின் உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் பிரஷ் என்ற தொடுமுனை வழியாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பல முறை அந்தத் தொடுப்பு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் மிக நுண்ணிய தீப்பொறி தெறிக்கிறது. மின்பொறி என்பது ரேடியோ அலைகளின் ஊற்று. 1880களின் கடைசியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியது தீப்பொறியை வைத்துத்தான். 1890களின் நடுவில் கொல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவரைத் தாண்டிப் போன அலைகளால் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கவைத்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டியதும் அவ்வாறே. காரின் மோட்டார், ரேடியோ ரிசீவருக்கு இரண்டு அங்குலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பழங்கால டிரான்ஸ்மிட்டர். அதன் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவும். கெப்பாசிட்டர், செல்லின் நேர்மின்சாரத்தை வழிவிடாமல் தடுக்கும். நொடிக்குக் கோடி முறை அதிரும் மின்சாரத்தையோ தன் வழியே சுலபமாகப் போகவிடும். எனவே பொறியின் இரைச்சல் அந்தக் குறுக்குவழியில் உடலுக்குள்ளேயே அடங்கிப்போகிறது. மோட்டாருக்கான மின்சாரம் மட்டும் தன் பாதையில் போகிறது. வில்லையின் கால் ஒன்று விடுபட்டிருந்தாலும் காருக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

முன்னே போகும், பின்னே வராது

கார் முன்னால் ஓடுகிறது, பின்னால் வர மறுக்கிறது என்பது இன்னொரு பரவலான நோய். இதற்கு மருந்து போர்டில் மோட்டாரின் ஒயர் சேரும் இடத்தில் இருக்கிறது. மோட்டாரைத் திருப்பிச் சுற்றவைக்க அதன் இரு முனைகளிலும் மின்சாரத்தின் திசையை மாற்ற வேண்டும். அதற்கு நான்கு டிரான்சிஸ்டர்களை ஆங்கில எச் எழுத்தின் நான்கு கால்களிலும் வைத்து, நடுக்கோட்டில் மோட்டாரை வைக்கிறார்கள். எச் பிரிட்ஜ் என்று பெயர். இடது மேலும் வலது கீழும் திறந்தால் மின்சாரம் ஒரு திசையில் மோட்டாரைக் கடக்கும். வலது மேலும் இடது கீழும் திறந்தால் எதிர்த்திசையில் கடக்கும். ஒரே பக்கத்தின் மேலும் கீழும் சேர்ந்து திறந்துகொண்டால் மோட்டாரைத் தொடாமலே செல்லின் முழு மின்சாரமும் அவற்றின் வழியே பாய்ந்து சுட்டெரிக்கும்.

ஆகவே முன்னால் போகும் கார், ஒரு குறுக்கு ஜோடி உயிரோடு இருப்பதற்கான சாட்சி. கெட்டுப்போனது மற்ற ஜோடியில் ஒன்று, அல்லது அவற்றைத் தூண்டிவிடும் சின்ன டிரான்சிஸ்டர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்திருப்பது பெரிய உதவி. சர்க்யூட் வரைபடம் தேவையில்லை. நல்ல பக்கத்தில் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதைக் கெட்ட பக்கத்திலும் காட்டவேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே பழுது. சுவரில் முட்டியபடி நிற்கும் காரைக் குழந்தை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் சுழலாத மோட்டார் மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். இந்த டிரான்சிஸ்டர்கள் சாவது பெரும்பாலும் அப்படித்தான்.

நான்கு நீளம், பத்துக் குட்டை

இனி ரேடியோ பக்கம். ‘முன்னே போ’ என்பதை அலை எப்படிச் சொல்கிறது?

1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா, தண்ணீர்த் தொட்டியில் விட்ட ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். அவருடைய படகுக்குள் அலையை உணர்ந்தது உலோகத் துகள் நிரப்பிய ஒரு குழாய். அலை பட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். மறுபடி குலுக்கி உதிர்த்தால்தான் அடுத்த சமிக்ஞைக்குத் தயாராகும். அலை உண்டு, இல்லை என்ற இரண்டை மட்டுமே அதனால் அறிய முடியும்.

நம் பொம்மையின் ரிமோட்டுக்கும் உண்டு, இல்லை என்ற இரண்டுதான் தெரியும். ஆனால் அதை எண்ணிக்கையாக மாற்றிவிட்டார்கள். இவ்வகைப் பொம்மைகளில் மிகப் பரவலாக இருந்தது டிஎக்ஸ்-2, ஆர்எக்ஸ்-2 என்ற சிப் ஜோடி. டிஎக்ஸ் ரிமோட்டில், ஆர்எக்ஸ் காரில். ரிமோட் முதலில் நான்கு நீளத் துடிப்புகளை அனுப்பும். ஒவ்வொன்றும் 2 மில்லி விநாடி. அதில் முக்கால் பங்கு அலை உண்டு, கால் பங்கு இல்லை. இந்த நான்கும் ‘கவனி’ என்பதற்கான அடையாளம். அதன்பின் 1 மில்லி விநாடி அளவுள்ள குட்டைத் துடிப்புகள். பாதி உண்டு, பாதி இல்லை. குட்டைத் துடிப்பு 10 வந்தால் முன்னே போ. 40 வந்தால் பின்னே வா. 58 வந்தால் இடது, 64 வந்தால் வலது. முன்னே போய்க்கொண்டே இடது என்றால் 28. வலது என்றால் 34. பட்டனை விட்டதும் வரும் முடிவுக் குறியீடு 4.

இந்த எண்களின் வரிசையைப் பாருங்கள்: 4, 10, 16, 22, 28, 34, 40 என்று ஆறு ஆறாகத் தாண்டிப் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்திருந்தால் வேகமாக அனுப்பலாமே? அப்படி வைத்திருந்தால் இரைச்சலில் ஒரு துடிப்பு காணாமல் போனால் முன்னே போகவேண்டிய கார் பின்னே வந்துவிடும். ஆறு இடைவெளி இருப்பதால் ஓரிரு துடிப்பு பிசகினாலும் ஒரு கட்டளை மற்றொன்றாக மாறாது. ‘முன்னே’ என்று ஒரு முறை சொல்ல 8 மில்லி விநாடியும் 10 மில்லி விநாடியும் சேர்ந்து 18 மில்லி விநாடி ஆகிறது. பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். ‘வலது’ என்பதற்கு 72 மில்லி விநாடி. நொடிக்குப் பதினான்கு தடவைக்குள் அடங்கிவிடும். அடிக்கடி சொல்லவேண்டிய கட்டளைக்குச் சிறிய எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

27 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும் ஷார்ட்வேவ் ரேடியோ கையில் இருந்தால் இந்தக் குறியீட்டைக் காதாலேயே கேட்கலாம். ரிமோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால், பட்டனுக்குப் பட்டன் சுருதி மாறும் ஓர் இரைச்சல் வரும். வந்தால் ரிமோட் குணமாக இருக்கிறது. ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிவதை மட்டும் நம்பக் கூடாது. அது செல்லில் உயிர் இருக்கிறது என்று சொல்லும். அலை எழுகிறதா என்று சொல்லாது.

கீழே விழுந்த படிகம்

விளக்கு எரிந்தும் அலை எழாத ரிமோட்டில் சந்தேகப்படவேண்டியது 27.145 என்பது போன்ற எண் பொறித்த சின்ன உலோக டப்பாவை. அதனுள் குவார்ட்ஸ் படிகத்தின் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். மாற்றிச் செய்தாலும் நடக்கும். மின்சாரம் கொடுத்தால் தகடு அதிரும். எவ்வளவு வேகமாக அதிரும் என்பது பெரும்பாலும் அதன் கனத்தைப் பொறுத்தது. 27 மெகாஹெர்ட்ஸ் படிகங்கள் வழக்கமாக 9 மெகாஹெர்ட்ஸ் அளவில் அதிரும்படி வெட்டப்பட்டு, அதன் மூன்றாம் மேல்சுரத்தில் வேலை செய்யவைக்கப்படுகின்றன. அதற்குத் தகட்டின் கனம் 0.18 மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். இவ்வளவு மெல்லிய கல்லை ரிமோட்டோடு சேர்த்து மாடிப்படியில் உருட்டிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே விரிசல் விடும். வெளியே டப்பா புத்தம்புதிதாகத் தெரியும். பழுதான இன்னொரு 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டிலிருந்து அதே எண்ணுள்ள படிகத்தைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பது எளிய சோதனை.

பொம்மைக்கு 27 மெகாஹெர்ட்ஸ் எப்படிக் கிடைத்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழிற்சாலை, ஆய்வகம், மருத்துவம் ஆகியவற்றின் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. பேச்சுக்கோ செய்திக்கோ அல்லாமல், சூடேற்றுவது போன்ற வேலைகளுக்காக. 27.12 மெகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. மூட்டுவலிக்கு பிசியோதெரபி நிலையத்தில் தசையைச் சூடாக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி கருவி இன்றும் அந்த அலைவரிசையில்தான் இயங்குகிறது. அப்படிப்பட்ட இரைச்சலான இடத்தில் துல்லியமான தகவல் தொடர்புக்கு யாரும் ஆசைப்படமாட்டார்கள். எனவே மலிவான, வலுக்குறைந்த பொம்மைகள் அங்கே குடியேறின. ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகளின் கார்கள் ஒரு ரிமோட்டுக்கே ஆடியதும் இதன் விளைவுதான்.

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். நல்ல ஏரியல் அதில் கால்பங்காவது, அதாவது கிட்டத்தட்ட இரண்டேமுக்கால் மீட்டராவது, இருக்கவேண்டும். கார் மேல் அப்படியொரு கம்பியை நடமுடியாது. சில அங்குல ஒயரே இருக்கிறது. பற்றாக்குறையை ஒரு காயிலும், பெருக்கும் டிரான்சிஸ்டரின் கூர்மையும் ஈடுகட்டுகின்றன. அந்தச் சில அங்குலமும் அறுந்துவிட்டால் கார் முழுதாகச் செத்துவிடாது. ரிமோட்டை அதன் தலைமேல் வைத்தால் ஓடும். இரண்டடி தள்ளினால் ஓடாது. இந்த அறிகுறியைக் கண்டால் சிப்பைச் சந்தேகிக்காமல் ஏரியல் ஒயரின் அடியில் சால்டர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஊளையின் விளிம்பில் ஒரு டிரான்சிஸ்டர்

போர்டிலேயே வியப்பான பாகம், ஏரியலுக்குப் பக்கத்தில் காயிலோடு நிற்கும் ஒற்றை டிரான்சிஸ்டர். அந்தக் காலத்து ரேடியோ பெட்டி ஐந்தாறு டிரான்சிஸ்டர்களை வைத்துச் செய்யும் வேலையை இது தனியாகச் செய்கிறது.

திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் ஊளையிடும். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பப் போய், மேலும் பெருகி, மறுபடி திரும்பிப் போய்ப் பெருகுவதால் வரும் ஊளை அது. ஊளை கிளம்புவதற்குச் சற்று முன்னால், அந்த விளிம்பில், மைக்குக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும். அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1912இல், இதே உத்தியை ரேடியோவில் கண்டுபிடித்தார். வெளிவரும் அலையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டால் ஒரே வால்வு பல மடங்கு பெருக்கும். அளவு மீறினால் ஊளையிடத் தொடங்கிவிடும் என்பதுதான் சிக்கல்.

1922இல் அவர் அந்தச் சிக்கலையே பயன்படுத்திக்கொண்டார். ஊளை கிளம்பட்டும், கிளம்பியதும் அடக்கிவிடு, மறுபடி கிளம்பவிடு. இதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய். வெளியிலிருந்து அலை ஏதும் வராவிட்டால் ஒவ்வொரு முறையும் ஊளை மெதுவாகத் தலைதூக்கும். துளி அலை வந்தாலும் சட்டென்று எழும். எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதைப் பார்த்தே அலை வந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். சூப்பர் ரீஜெனரேட்டிவ் ரிசீவர் என்று பெயர்பெற்ற இதை மிஞ்சிய சிக்கனமான ரிசீவர் அரிது. இரண்டாம் உலகப் போரில் நம் விமானமா எதிரி விமானமா என்று அடையாளம் காணும் கருவிகளில் பயன்பட்டது. பிறகு வாக்கி டாக்கி பொம்மைகளுக்கும் ரிமோட் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

சிக்கனத்துக்கு விலையும் உண்டு. இந்த ரிசீவரில் படிகம் கிடையாது. எந்த அலைவரிசையைக் கேட்பது என்பதைக் காயிலும் அதனுள் திருகிவைத்த ஃபெரைட் துண்டும் முடிவுசெய்கின்றன. தொழிற்சாலையில் சரிசெய்தபின் அசையாமல் இருக்க மேலே மெழுகு ஊற்றியிருப்பார்கள். பழுது பார்க்கும் ஆர்வத்தில் பலர் முதலில் திருகுவது அதைத்தான். அத்தோடு நன்றாக இருந்த ரிசீவரும் காது கேளாமல் போகும். மெழுகு உடைந்து துண்டு நகர்ந்திருந்தால் மட்டும் அதைத் தொடலாம். அப்போதும் இரும்புத் திருப்புளி ஆகாது. இரும்பு காயிலுக்குள் நுழைந்ததுமே அதன் இயல்பு மாறிவிடும். சரியாக வைத்தோம் என்று நினைத்து வெளியே எடுத்தால் மறுபடி பிசகும். மூங்கில் குச்சியையோ பிளாஸ்டிக்கையோ சீவி வைத்துக்கொள்ளலாம்.

எது சாகிறது, எது சாவதில்லை

போர்டைப் புரட்டினால் சால்டர் புள்ளிகள். ஒயர் வந்து சேரும் இடம், படிகத்தின் கால்கள், செல் முனைகள் ஆகியவை அடிக்கடி அசைவு பட்டவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால்களைச் சுற்றி முடிபோன்ற வட்ட விரிசல் தெரியும். கார் ஓடும்போது போர்டின் அந்தந்த மூலையை மரக்குச்சியால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது ஓடி, விட்டால் நின்றால் பழுது குச்சிக்குக் கீழே இருக்கிறது. பழைய ஈய–தகர சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத புதிய வகைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி மறுபடி உருக்கிவிட்டால் விரிசல் மூடும்.

சில போர்டுகளில் சிப்புக்குப் பதில் ஒரு கறுப்புப் பிசின் குமிழ் இருக்கும். உள்ளே சிலிக்கன் துண்டு நேரடியாகப் போர்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை யாராலும் திறந்து சரிசெய்ய முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இன்றைய பொம்மைகளில் ஏறக்குறைய எல்லா வேலையையும் அப்படியொரு துண்டே பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் பழுது பார்ப்பதற்கு வேலையே இல்லையா?

இதுவரை பார்த்த பழுதுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். கசிந்த செல். துருப்பிடித்த ஸ்பிரிங். கறுத்த ஒயர். வெடித்த பல்சக்கரம். விரிசல் விட்ட சால்டர். விழுந்து உடைந்த படிகம். சுமை தாங்காமல் எரிந்த எச் பிரிட்ஜ் டிரான்சிஸ்டரைத் தவிர்த்தால், எல்லாமே காற்றும் ஈரமும் படும் இடங்கள், உரசும் இடங்கள், அடிபடும் இடங்கள். அசையாமல், எதையும் தொடாமல், பிசினுக்குள் மூடிக் கிடக்கும் சிலிக்கனுக்கு இவற்றில் எதுவும் நேர்வதில்லை. திறந்து பார்க்க முடியாத பாகம்தான் பெரும்பாலும் கெடாத பாகமும். கெடுகிறவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற பாகங்கள். புதிய பொம்மையிலும் செல் உண்டு, ஸ்பிரிங் உண்டு, மோட்டாரும் பல்சக்கரமும் உண்டு; அங்கேயும் இதே வரிசையில்தான் கெடும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். லித்தியம் செல் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. கழற்றி மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிட வேண்டும். பழைய சார்ஜ் செல்களில் இருக்கும் காட்மியமும் நஞ்சு; குப்பைத்தொட்டிக்கு ஆகாது.

ஆகவே ஓடாத காரைத் தூக்கி எறியுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். மோட்டாரைச் செல்லில் நேராகத் தொட்டால் சுழல்கிறதா? ஓடும்போது வோல்ட் இறங்குகிறதா? ரிமோட்டை அருகில் வைத்தால் கேட்கிறதா? போர்டை அழுத்தினால் மாறுகிறதா? இவை நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் மிச்சத்துக்கு ஓர் எலுமிச்சம்பழமும் உப்புத்தாளும் சால்டரிங் அயர்னும் போதும். கார் ஓடத் தொடங்கியதும் பிள்ளைக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது: விளையாடி முடித்ததும் காரிலிருந்தும் ரிமோட்டிலிருந்தும் செல்களைக் கழற்றி வை.